ஆர்டர் தருகிறேன் என்கிறார். வேலையை விட்டு மெஷின் போடலாமா?

கோவை கணபதிப் பக்கத்திலிருந்து 39 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 14 ஆண்டுகளில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் மெஷின்) பிரிவின் சூப்பர்வைசராக உயர்ந்திருக்கிறார். சம்பளம் மாதம் 48,000 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளம் 26,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 18,000 வாங்குகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர்.

நிறுவனத்துக்கு ஆர்டர் தரும் ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர், "நீங்க தனியா மெஷின் போடுங்க, ஆர்டர் நான் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வாசகருக்குத் தூக்கம் இல்லை. 20 லட்சத்தில் ஒரு சிஎன்சி மெஷின், இதர செலவுக்கு 6 லட்சம், ஆக 26 லட்சம் என்பது அவர் திட்டம். அப்பா பெயரில் உள்ள வீட்டை வைத்து வங்கியில் 18 லட்சம். மனைவியின் அண்ணன் 8 லட்சம் தந்து பாதிப் பங்கு கேட்கிறார். "குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்கிறார் மச்சான். வேலையில் சேரும்போது, விலகி இரண்டு வருடத்துக்கு இதே தொழில் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் இப்போதைக்கு மனைவி பெயரில் தொடங்கலாமா? அரசு மானியம் வந்தால் மச்சான் பணமே தேவைப்படாதே? பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்தால் மதிப்பாக இருக்குமே? வேலையை விட்டவன்தான் முதலாளி ஆவான் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார், உடனே விட்டுவிடவா?" என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

மெஷினைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ட்ராயிங்கைப் பார்த்தவுடன் சைக்கிள் டைம் (ஒரு பீஸ் முடிக்க ஆகும் நேரம்) சொல்லக்கூடியவர் நீங்கள். ஆனால் கடிதத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. மணிக்கு 350 ரூபாய், 24 மணி நேரம், 30 நாள் என்று பெருக்கி மாதம் 2,52,000 ரூபாய் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த மெஷின் எந்த மாதம் 720 மணி நேரம் ஓடியிருக்கிறது? செட்டிங், இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுதல், மெட்டீரியல் வராத நாள், ஆபரேட்டர் வராத நாள், கரண்ட் போன நேரம் எல்லாம் போக, இரண்டு ஷிப்டில் நாளுக்கு 14 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினாலே நல்ல ஓட்டம். அது 350 மணி நேரம். பில் 1,22,500 ரூபாய்.

இப்போது செலவு. 18 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்தால் தவணை சுமார் 39,000. ஆபரேட்டர் இருவருக்கு 38,000. ஷெட் வாடகை 15,000. மின்சாரம் 12,000. இன்சர்ட், கூலண்ட், ஆயில் 10,000. வண்டி வாடகை, ஆடிட்டர், சில்லறைச் செலவு 6,000. கூட்டினால் 1,20,000. மிச்சம் 2,500 ரூபாய். மச்சானின் பாதிப் பங்கு அதிலிருந்துதான் போக வேண்டும்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு ஷிப்டை நீங்களே ஓட்டினால் ஒரு ஆபரேட்டர் சம்பளமான 19,000 மிச்சமாகி, மாதம் 21,500 கையில் நிற்கும். இன்று வாங்கும் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்றாலும் மெஷின் உங்களுடையது, ஐந்தாம் ஆண்டு முடிவில் தவணையும் இல்லை. ஒற்றை மெஷினில் தொடங்கிய பலரும் இப்படித்தான் ஏறி வந்தார்கள். முதல் இரண்டு வருடம் மனைவியின் 18,000-மும் உங்கள் 21,500-உம் சேர்ந்து வீட்டை ஓட்டுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

முதலீட்டுக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. 20 லட்சம் மெஷினுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,60,000. கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர், ஜா, ஹோல்டர், கேஜ் வகையறா 3 லட்சம், ஷெட் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் என்றால் மொத்தம் 28,10,000 ஆகிறது. முதல் பில்லுக்குப் பணம் வரும்வரை மூன்று மாதம் ஓட்ட 3,60,000 தனியாக வேண்டும். 26 லட்சம் என்று நீங்கள் போட்டது உண்மையில் 31,70,000. இந்த இடைவெளியை மீட்டர் வட்டியில் நிரப்பப் போய்த்தான் நல்ல வேலைக்காரர்கள் பலர் மெஷினை விற்றிருக்கிறார்கள். ஆர்டர் இல்லாமல் மூடியவர்களைவிட, ஆர்டர் இருந்தும் கையில் பணம் சுழலாமல் மூடியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பர்ச்சேஸ் மேனேஜரின் வாக்கு

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஆர்டர் தருவது அவர் அல்ல, அவருடைய கம்பெனி. அவர் வேறு வேலைக்குப் போனால், அடுத்து வருபவருக்கு உங்களைத் தெரியாது. வெண்டார் பதிவு எப்படி, எந்த பார்ட், மாதம் எத்தனை, பீஸ் ரேட் என்ன, எத்தனை நாளில் பணம், ரிஜெக்ஷன் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள் என்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்குக் கடைந்து தரும் வேலையில், மெட்டீரியல் அவர்களுடையது. கடைசலில் கெட்டுப்போன பீஸுக்கு உங்கள் கூலியோடு வார்ப்பின் விலையையும் சேர்த்து டெபிட் நோட் போடுவார்கள். ஒரு லாட் திரும்பி வந்தால் ஒரு மாத லாபம் போய்விடும். எழுத்தில் பதில் தரத் தயங்குகிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான். எழுத்தில் வந்தாலும் இரண்டாவதாக ஒரு கஸ்டமர் உறுதியாகும்வரை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்

இதில் நீங்கள் தேவைக்கு அதிகமாகவும் பயப்படுகிறீர்கள், தேவைக்குக் குறைவாகவும் பயப்படுகிறீர்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகும் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் ஏற்பதில்லை. ஆகவே விலகிய மறுநாளே நீங்கள் மெஷின் போடலாம்.

ஆனால் வேலையில் இருக்கும்போது நிலைமை வேறு. சம்பளம் வாங்கிக்கொண்டே, நிறுவனத்தின் கஸ்டமரிடம் மனைவி பெயரில் ஆர்டர் எடுப்பது நம்பிக்கை மோசடி என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். வேலை போகலாம், வழக்கு வரலாம், கிராஜுவிட்டியையும் நிறுத்தப் பார்ப்பார்கள். அதேபோல் நிறுவனத்தின் ட்ராயிங், புரோகிராம், ரேட் பட்டியல் எதையும் பென்டிரைவில் போட்டு எடுத்து வராதீர்கள். கையில் படிந்த திறமை உங்களுடையது; அந்த ஃபைல்கள் அவர்களுடையவை.

மனைவி பெயரில் தொழில் தொடங்குவது தவறே இல்லை, அவர் உண்மையிலேயே நடத்துவதாக இருந்தால். மறைப்பதற்காக அவர் பெயரைப் போட்டால், கடனும் அவர் பெயரில், நோட்டீஸும் அவர் பெயரில். வங்கி மேனேஜர் இன்சர்ட் கிரேடு பற்றி ஒரு கேள்வி கேட்டால் அங்கேயே வெளுத்துவிடும். அவசியமும் இல்லை. வேலையில் இருந்தபடியே திட்ட அறிக்கை தயாரிக்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கலாம், ஷெட் பார்க்கலாம், மெஷின் கொட்டேஷன் வாங்கலாம். இவை ஆயத்தங்கள், போட்டித் தொழில் ஆகாது.

மச்சானும் எழுத்தும்

குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்று மச்சான் கேட்கிறார். எழுத்து இல்லாவிட்டால் 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதி வைத்ததுதான் செல்லும். அது என்ன சொல்கிறது தெரியுமா? லாபம் சரிபாதி, நஷ்டமும் சரிபாதி. வேலை செய்யும் பங்குதாரருக்கு அந்த வேலைக்காகச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. நீங்கள் இரவு ஷிப்ட் ஓட்டுவீர்கள், அவர் தன் வீட்டில் தூங்குவார், பங்கு ஒன்றே. அவர் பக்கமும் ஆபத்து உண்டு. "நான் பணம் மட்டும்தானே போட்டேன்" என்று அவர் ஒதுங்க முடியாது. நிறுவனத்தின் மொத்தக் கடனுக்கும் ஒவ்வொரு பங்குதாரரும் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. இதை அவரிடம் சொல்லுங்கள், எழுத்து வேண்டும் என்று அவரே கேட்பார்.

என் கருத்து, அவரைப் பங்குதாரராகச் சேர்க்காமல் 8 லட்சத்தைக் கடனாக வாங்குங்கள். வட்டி எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது என்று எழுதி, பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். பங்குதான் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றால் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டாண்மையைப் பதிவு செய்யுங்கள். பதியாத கூட்டாண்மை, பணம் தராத கஸ்டமர் மேல் ஒப்பந்தத்தின்படி வழக்குப் போட முடியாது. உங்கள் மாதச் சம்பளம், ஒருவர் விலகினால் மெஷின் யாருக்கு, என்ன விலைக்கு, ஒருவர் இறந்தால் என்ன என்ற மூன்றும் பத்திரத்தில் இருக்க வேண்டும். நாளைக்குத் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போக முடிய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் இவ்வளவும்.

மானியமும் அப்பாவின் வீடும்

மானியம் முதலீட்டுக்குக் கையில் வரும் பணம் என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் உங்கள் பங்குத் தொகையைப் போட வேண்டும், பிறகு வங்கிக் கடன், அதன் பிறகுதான் மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் (பிஎம்இஜிபி) மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக நிற்கும். தொழில் ஓடுகிறது என்று பார்த்த பிறகே கடனில் கழியும். மச்சானின் 8 லட்சத்துக்கு அது ஈடாகாது.

தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, டிப்ளமோ போதும், 25 சதவீத மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு வயது வரம்பில் தளர்வு இருப்பதால் 39 தடையில்லை. மச்சானைப் பங்குதாரராகச் சேர்த்தால் அவருடைய தகுதியையும் பார்ப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். அவரைக் கடன் தந்தவராகவே வைத்திருக்க இது இன்னொரு காரணம். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை நேரில் அணுகுங்கள், இடைத்தரகர் வேண்டாம். இத்தகைய திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். ஆர்வக்கோளாறில் மெஷினை முதலில் வாங்கி பில்லும் போட்டுவிட்டு மானியம் கேட்டுப் போனால் "நடந்துகொண்டிருக்கும் யூனிட்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பாவின் வீட்டை அடமானமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறு, சிறு தொழில்களுக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. அதன் கீழ் சொத்துப் பிணை இல்லாமல், மெஷினை மட்டும் ஈடாகக் கொண்டு வங்கி கடன் தர முடியும். கேட்டால்தான் சொல்வார்கள், சில கிளைகளில் கேட்டாலும் தயங்குவார்கள். இன்னொரு கிளைக்குப் போங்கள், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் பாருங்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு அல்ல. தவணை தவறினால் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். ஆனால் அப்பா குடியிருக்கும் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள். வங்கியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் அசல் தவணைக்கு விடுப்பு. அது கிடைத்தால் நான் மேலே சொன்ன மூன்று மாதச் சுமை நன்றாகக் குறையும்.

பதிவுகள், வரிசை தவறாமல்

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். ஆண்டுதோறும் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்குத் தாக்கல் என்று செலவு ஏறும். கம்பெனிக் கடன் உங்களைத் தொடாது என்று நினைப்பீர்கள். வங்கி உங்கள் தனிப்பட்ட கையெழுத்தை எப்படியும் வாங்கிவிடும். தனி உரிமையாளராகத் தொடங்குங்கள். மூன்று, நான்கு மெஷின் ஆனபின் மாற்றிக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி விஷயத்தில் வரிசைதான் பணம். ஜாப் ஒர்க் சேவை என்பதால் ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பதிவு இல்லாமல் மெஷினை வாங்கினால் அதற்குக் கட்டிய 3,60,000 வரியைப் பிறகு பதிவு செய்தாலும் எடுக்க முடியாது. கையிருப்புச் சரக்குக்கு உண்டு, மெஷினுக்கு இல்லை. மெஷின் பில்லுக்கு முன்பே பதிந்துவிட்டால் அந்த 3,60,000 உங்கள் கணக்கில் வரவாக நிற்கும். உங்கள் மாத பில் 1,22,500-க்கு 18 சதவீதம் 22,050. கஸ்டமரிடம் அதை வாங்குவீர்கள், அரசுக்கோ அந்த வரவிலிருந்து நேர் செய்வீர்கள். சுமார் 16 மாதம் கையிலிருந்து ரொக்கமாக வரி கட்ட வேண்டியிருக்காது. அந்தப் பணம் சுழல் முதலாக நிற்கும். வரவு தீர்ந்த மாதத்திலிருந்து கதை மாறும்: கஸ்டமர் பணம் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதி வரி கட்டியாக வேண்டும். அதற்குத் தயாராக இருங்கள்.

உத்யம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, ஆன்லைனில் இலவசம். ஆதார், பான் போதும். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் போலி இணையதளங்களில் மாட்டாதீர்கள். முதல் பில் போடுவதற்கு முன்பே இந்த எண் கையில் இருக்க வேண்டும், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பணம் வர 90 நாள் ஆகும் என்றால்

பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆர்டரில் "90 நாள்" என்று அச்சடித்தே இருக்கும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) வளர்ச்சிச் சட்டப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் கெடு போக முடியாது. எழுத்தே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. வசூலிக்க, இத்தகைய பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சில் இருக்கிறது, கோவையிலேயே இருக்கிறது. அதன் தீர்ப்பை எதிர்த்து அந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் முதலில் கட்ட வேண்டும்.

இருக்கும் ஒரே கஸ்டமர் மேல் நீங்கள் கவுன்சிலுக்குப் போகமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் சத்தமில்லாத வழிகளை முதலில் பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் இப்போது அனுமதிப்பதில்லை. மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய கணக்குப் பிரிவே யார் யார் எம்எஸ்எம்இ என்று தேடும். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண் அச்சாகியிருந்தால் உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் மேலே வரும். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனி என்றால் ட்ரெட்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டியது கட்டாயம். அங்கே அவர்கள் உங்கள் பில்லை ஏற்றுக்கொண்டால், சிறு வட்டி கழித்துக்கொண்டு ஒரு வங்கி சில நாளில் பணம் தந்துவிடும். பர்ச்சேஸ் மேனேஜருக்கு எழுதப் போகும் மின்னஞ்சலில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

வேலையை எப்போது விடுவது

யூடியூபர் சொன்னதை விடுங்கள், அவருக்கு உங்கள் வீட்டு மளிகைக் கணக்கு தெரியாது. கடன் சாங்ஷன் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள், அதற்கு ஒருநாள் முன்பும் வேண்டாம். மெஷின் புக் செய்து வந்து சேர எப்படியும் சில வாரம் ஆகும். நோட்டீஸ் காலம் அதில் கழிந்துவிடும். ரிலீவிங் கடிதம் வாங்கியபின் ஜிஎஸ்டி, உத்யம் பதிவு. அதன் பிறகுதான் மெஷின் பில் உங்கள் பெயரில் வர வேண்டும்.

கிராஜுவிட்டி 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 14 ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். அதைத் தொழிலில் போடாதீர்கள். மனைவி பெயரில் தனிக் கணக்கில் போட்டு, மாதம் இவ்வளவு என்று வீட்டுக்கு எடுங்கள். பிஎஃப் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். 10 ஆண்டுக்கு மேல் சேவை இருப்பதால் பென்ஷன் உரிமையும் வந்துவிட்டது, அதை முறித்து எடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு விலகும் அன்றே முடிந்துவிடும். இப்போதே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்து வையுங்கள்; பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் வேலையில் இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கட்டும்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்லுங்கள். கோவையில் தொழிற்கூடங்கள் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்துத்தான் வாழ்கின்றன. அவருக்கு வேலை அதிகமாகும் மாதத்தில் வெளியே கொடுக்க ஆள் தேடுவார், உங்கள் கை சுத்தம் அவருக்குத் தெரியும். அந்த இரண்டாவது கஸ்டமரை நீங்கள் வேறு எங்கும் தேட வேண்டியிருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.